யாருடைய நேரத்தில் பெருநாள்?

நவம்பர் மாதத்து அமெரிக்கக் குடும்பச் சஞ்சிகைகளில் இரண்டு வகைக் குறிப்புகள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஒன்று, பண்டிகைக்கால மலிவு விற்பனையிலிருந்து ‘தப்பிப் பிழைப்பது’ எப்படி என்பது. பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், நடக்க இலகுவான சப்பாத்து அணியுங்கள், வயிறாறச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று அதில் இருக்கும். மற்றது, பூசணி, அப்பிள், கறுவா கொண்டு வீட்டிலேயே சுடக்கூடிய இலையுதிர்காலப் பலகாரங்களின் செய்முறை. வாசிக்கிறவர் இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு அந்தத் ‘தப்பிப் பிழைப்பது’ என்ற சொல்லில் மனம் இடறுகிறது. நாம் அதை யுத்தத்துக்குப் பாவித்தோம். 2004இல் கடல் வந்தபோது பாவித்தோம். நன்றி சொல்வதற்கென்றே ஒதுக்கிய ஒரு நாளின் மறுநாட் காலையில் கடைக்குப் போய்வருவதற்கு ஒரு சமூகம் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே பாவிக்கிறது என்றால், அந்தச் சிரிப்புக்குள் ஏதோ ஓர் உண்மை ஒளிந்திருக்க வேண்டும்.

இதை மேற்குலகத்தின் ஒழுக்கக்கேடு என்று சொல்லி நாலு பக்கம் எழுதுவது இலகுவான வேலை. நமது மேடைகளில் அது தாராளமாகவே நடக்கிறது. அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமையில் நமது ஊர்ப் புடவைக்கடைகளுக்குள் ஒருமுறை நுழைந்து வந்தவர் எவரும் அப்படி எழுதத் துணியமாட்டார். ஆகவே அமெரிக்காவின் கதையை அமெரிக்காவின் கதையாகவே முதலில் பார்ப்போம். அதிலிருந்து எழுகிற கேள்வி நம்மிடம் வந்து சேர அதிக தூரம் இல்லை.

நவம்பரில் நான்காவது வியாழக்கிழமை அவர்களது நன்றி நவிலல் நாள். அறுவடைக்கு நன்றி சொல்லும் பழைய வழக்கம் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு நாட்களில் இருந்து வந்தது. அதனை முழு நாட்டுக்கும் ஒரே நாளாக்கப் பல வருடங்கள் கடிதம் எழுதியவர் சாரா ஜோசபா ஹேல் என்ற பெண் பத்திராசிரியர். நமது பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் பாடுகின்ற மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை எழுதியவரும் அவர்தான். பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் நாம் அவருடைய மற்ற வேலையைச் சொல்லிக்கொடுப்பதில்லை. 1863 ஒக்டோபரில், உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், ஜனாதிபதி லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாகப் பிரகடனம் செய்தார். ஆயிரக்கணக்கான மையித்துகள் விழுந்துகொண்டிருந்த வருடத்தில் நன்றி சொல்ல ஒரு நாள் வேண்டும் என்று ஒரு நாடு நினைத்தது சாதாரண விசயமல்ல.

எழுபத்தாறு வருடங்கள் கழித்து, 1939இல், அந்த மாதத்தில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. கடைசி வியாழன் 30ஆம் திகதி. நன்றி நாளுக்கு முன்னர் நத்தார் வியாபாரத்தைத் தொடங்குவது அக்காலத்தில் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. எனவே வியாபாரத்துக்குக் கிடைக்கும் நாட்கள் குறைந்துவிடும் என்று பெரிய கடைக்காரர்கள் முறையிட்டார்கள். பொருளாதார மந்தம் முற்றாக நீங்காத காலம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதை ஏற்று நன்றி நாளை ஒரு கிழமை முன்னுக்குத் தள்ளி 23ஆம் திகதியாக்கினார். நாடு இரண்டாகப் பிரிந்தது. ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் புதிய நாளைக் கொண்டாடின. மற்றவை பழைய நாளிலேயே நின்றன. ஒரே குடும்பத்தில் ஒரு மாநிலத்தில் இருப்பவருக்கு ஒரு விடுமுறை, அடுத்த மாநிலத்தில் இருப்பவருக்கு வேறொரு விடுமுறை. 1941 கடைசியில் சட்டம் இயற்றி நான்காவது வியாழன் என்று நிலைநிறுத்தும்வரை அந்தக் குழப்பம் தீரவில்லை. பிறை விசயத்தில் ஒரே ஊரில் இரண்டு பெருநாள் கண்ட நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் நமது சண்டை வானத்தைப் பார்த்துப் போட்ட சண்டை. அவர்களது நாளைத் தள்ளியது கடைக் கல்லாப்பெட்டி.

இந்த இடத்தில்தான் எனது கேள்வி தொடங்குகிறது. ஒரு பண்டிகை எதனால் ஆனது? பண்டங்களால் என்பார்கள் வியாபாரிகள். பக்தியால் என்பார்கள் உலமாக்கள். இரண்டுக்கும் அடியில் நேரம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. யாரோ ஒருவர் தனது நேரத்தைக் கொடுக்காமல் எந்தப் பெருநாளும் வருவதில்லை. மாவைக் குழைப்பதும் நேரம்தான், உடுப்புத் தைப்பதும் நேரம்தான், கல்லாவில் நின்று மிச்சக்காசு கொடுப்பதும் நேரம்தான். அப்படியானால், என் பெருநாளுக்குள் இருக்கிற நேரம் யாருடையது, அவர் அதை மனமொப்பிக் கொடுத்தாரா, அவருக்கென்று பெருநாளில் ஏதாவது மிஞ்சியதா என்று கேட்பது ஒழுக்கவியலின் கேள்வியாகிறது.

‘கறுப்பு வெள்ளி’ என்ற பெயரின் வரலாறே இந்தக் கேள்விக்குச் சாட்சி. வருடம் முழுதும் நட்டத்தில் சிவப்பு மையில் எழுதிவந்த கடைக் கணக்கு அன்றைக்குத்தான் இலாபத்தின் கறுப்பு மைக்கு மாறுகிறது, அதனால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உலாவுகிறது. அது பின்னாளில், 1980களில் பரவிய விளக்கம். உண்மையில் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பிலடெல்பியா நகரத்துப் பொலிஸ்காரர்கள். நன்றி நாளின் மறுநாள் நகரத்தின் கடைத்தெருவில் சனமும் வாகனமும் நிறைந்து வழியும். அதோடு சனிக்கிழமை தரைப்படைக்கும் கடற்படைக்கும் இடையிலான உதைபந்தாட்டப் போட்டி. பொலிஸ்காரர்களுக்கு லீவு கிடையாது, மேலதிக நேரம் நிற்க வேண்டும். லீவு இழந்தவனின் எரிச்சலில் பிறந்த சொல் அது. 1960களின் தொடக்கத்தில் அந்நகரத்து வியாபாரிகள் அப்பெயரை விரும்பாமல் ‘பெரிய வெள்ளி’ என்று மாற்றிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. பிறகு மையின் நிறத்தைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டார்கள். உழைத்தவனின் முறைப்பாட்டை விற்றவனின் விளம்பரமாக மாற்றிவிட்ட இந்தக் கெட்டித்தனத்தை மொழி படிப்பிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

2008 நவம்பர் 28ஆம் திகதி நியூயோர்க்கின் லோங் ஐலன்ட் பகுதியில், வேலி ஸ்ட்ரீம் என்ற இடத்திலுள்ள வோல்மார்ட் கடை வாசலில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறக்க இருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வெளியே நின்றார்கள். கதவு நெருக்குதலில் பெயர்ந்து விழுந்தது. பண்டிகைக் காலத்துக்கென்று தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டிருந்த 34 வயது ஊழியர் ஒருவர் சனத்தின் காலடியில் மிதிபட்டு இறந்தார். உடம்பில் பெரியவர் என்பதற்காக அவரை வாசலில் நிறுத்தியிருந்தார்களாம். கடையை மூடுகிறோம், வெளியே போங்கள் என்று சொன்னபோது, இவ்வளவு நேரம் வரிசையில் நின்றோமே என்று சிலர் மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. அன்று பிற்பகலே கடை மீண்டும் திறந்தது. தொழிற் பாதுகாப்பு அதிகாரிகள் விதித்த தண்டப்பணம் 7,000 டொலர். அந்தச் சிறு தொகையையும் எதிர்த்து நிறுவனம் வருடக்கணக்காக வழக்காடியது.

வாசிக்கும்போது நமக்கு அந்தக் கூட்டத்தின்மீது ஆத்திரம் வருகிறது. மனிதர்களா இவர்கள் என்று கேட்கிறோம். நான் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பேன். 2008ஆம் வருடம் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, ஆயிரமாயிரம் பேர் வீடும் வேலையும் இழந்த வருடம். நவம்பர்க் குளிரில் இரவெல்லாம் வெளியே நிற்கிறவன் பெரும்பாலும் வசதியுள்ளவனாக இருப்பதில்லை. கையில் காசு குறைந்தவன் காசுக்குப் பதிலாக நித்திரையைக் கொடுக்கிறான். அதைப் பேராசை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் இயலவில்லை.

கூட்டம் தானாகக் கூடவும் இல்லை. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைக் கொள்முதல் விலைக்கும் குறைவாகப் போட்டு, ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டிகளை மட்டும் வைத்து, குறித்த மணிக்குக் கதவைத் திறந்தால் சனம் ஓடத்தான் செய்யும். முந்தினவனுக்குத்தான் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்துவிட்டு ‘ஏன் முந்துகிறாய்’ என்று கேட்பதில் நியாயமில்லை. இந்த வகை விலைக்கு ஆங்கிலத்தில் வியாபாரிகள் வைத்திருக்கிற பெயரைத் தமிழில் சொன்னால் ‘கதவுடைப்பு விலை’ என்று வரும். வேலி ஸ்ட்ரீமில் கதவு உடைந்தேவிட்டது. அதன் பின்னர் அதிகாரிகள் கடைகளுக்கு வழிகாட்டல் வெளியிட்டார்கள். தடுப்புப் போட வேண்டும், வரிசைக்கு அட்டை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நாலு தடுப்புக் கம்பியாலும் ஒரு கட்டு அட்டையாலும் காத்திருக்கக்கூடிய உயிர் அது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களுக்கென்று ஒரு தனிப் பகுதி எழுதியிருக்கிறார்கள். அதில் நீதி வேறு, இஹ்ஸான் எனும் பெருந்தன்மை வேறு என்று பிரித்துப் பேசுகிறார்கள். நீதி என்பது மற்றவருக்கு அநியாயம் செய்யாதிருப்பது. இஹ்ஸான் அதற்கும் ஒரு படி மேலே போவது. ஏழையிடம் ஒரு பொருளை வாங்கும்போது விலை சற்றுக் கூடினாலும் அறிந்தே பொறுத்துக்கொள்வது நல்லது என்கிறார்கள். ஆனால் இலாபம் தேடும் பணக்கார வியாபாரியிடம் அப்படிக் கூடக் கொடுத்து ஏமாறுவதில் ஒரு சிறப்பும் இல்லை என்றும் சொல்கிறார்கள். எவ்வளவு யதார்த்தமான புத்தி! பேரம் பேசுவதையே பாவமாக்கவில்லை. யாரோடு பேசுகிறாய் என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

நவீன மலிவு விற்பனையில் உள்ள சிக்கல் இங்கேதான். எதிரே தெரிவது பெரிய நிறுவனம். அதனிடம் பத்து டொலர் குறைத்து வாங்கியதில் நமக்கு மனச்சாட்சி உறுத்தாது, உறுத்தவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்து டொலர் நிறுவனத்தின் பையிலிருந்துதான் வந்ததா? வாசலில் நின்ற தற்காலிக ஊழியனின் காலைப் பொழுதிலிருந்து வந்ததா? இன்னும் பின்னால் போனால், தைத்தவளின் இரவிலிருந்து வந்ததா? நமது நாட்டு ஆடை ஏற்றுமதிக்கு மிகப்பெரிய தனிநாட்டுச் சந்தை ஐக்கிய அமெரிக்காதான். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாளிலிருந்து நமது நாட்டுக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் வாடகை அறைகளில் நெருங்கிப் படுத்துக்கொண்டு தைத்தனுப்புகிற உடுப்புகள் அந்தக் கடைகளில் தொங்குகின்றன. கப்பலேறும் நாள் நெருங்கினால் ‘ஓவர்டைம்’. நவம்பரில் அரைவாசி விலை எழுதித் தொங்கவிடப்படும் சட்டை, அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே இங்கே ஒருத்தியின் வெசாக் விடுமுறையையோ பெருநாள் விடுமுறையையோ தின்றிருக்கக்கூடும். வாங்குகிறவருக்கு அவளைத் தெரிய வழியில்லை. இமாம் சொன்ன ‘யாரோடு பேசுகிறாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபடி சந்தை நீண்டுபோய்விட்டது.

அப்படியானால் கடையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம், அடுப்படியில் தப்பு இல்லை என்று ஒருவர் சொல்லலாம். சஞ்சிகையின் அடுத்த பக்கம் சொல்வதும் அதைத்தான். வீடு மணக்கும், பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், செலவும் குறைவு.

அவர்களது நன்றி நாள் விருந்தின் முக்கியமான பலகாரம் ‘பம்கின் பை’. பூசணியை அவித்து மசித்து, முட்டையும் பாலும் சீனியும் கறுவா, இஞ்சி, கராம்பு, சாதிக்காய்த் தூள்களும் கலந்து, மாவால் செய்த தட்டில் ஊற்றிச் சுடுவது. மாத்தட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் நமது வட்டிலப்பத்துக்குச் சொந்தக்காரன்தான். அங்கே பசுப்பால், இங்கே தேங்காய்ப்பால். அங்கே சீனி, இங்கே கித்துள் பனங்கட்டி. இரண்டிலும் முட்டைதான் இறுகிப் பிடிக்கிறது, இரண்டும் ஆறிய பின்னர்தான் துண்டு போட வரும். (கறுவா என்றதும் நமக்கு ஒரு பெருமிதம் வரும். அமெரிக்கச் சமையலறையில் கறுவா என்று இருப்பது பெரும்பாலும் காசியா எனும் வேறு மரத்தின் பட்டை. நமது அசல் கறுவாவை அதிகம் வாங்குவது மெக்சிக்கோ.)

அந்தப் பூசணியை இன்று பெரும்பாலானோர் தகரத்தில் வாங்குகிறார்கள். இலினோய் மாநிலத்தில் மோர்ட்டன் என்ற ஊரைச் சுற்றி விளைவித்து, மசித்து, அடைத்து வருவது. சுத்தவாதிகள் சிலர் அதை ஏளனம் செய்கிறார்கள். எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடில்லை. பூசணியை வெட்டி, அவித்து, நீர் வடித்து, மசித்து எடுக்கும் அரை நாளை ஒரு பெண்ணுக்குத் திருப்பிக் கொடுத்த தகரம் அது. ஆண்கள் ‘கைப்பக்குவம்’ என்று புகழ்வதெல்லாம் பெண்களின் முதுகுவலி என்பது நமது வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாததல்ல. பெருநாள் இரவில் தொதலைக் கிண்டிக் கிண்டித் தோள் கழன்றுபோகும் உம்மாமார், தொழுகைத் திடலிலிருந்து நாம் திரும்பி வரும்போது புதுச் சாரி உடுத்திக்கொண்டு அரைத் தூக்கத்தில் சிரிக்கிறார்கள். அதை நாம் பெருநாள் முகம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே வீட்டில் செய்வதனால் மட்டும் ஒரு பண்டம் தூய்மையாகிவிடாது. கடையில் யார் பெயரோ தெரியாத ஒருவரின் நேரத்தைத் தின்கிறோம், வீட்டில் பெயர் தெரிந்தவரின் நேரத்தை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டில் பங்கு கொடுக்க முடியும். தேங்காய் துருவ, முட்டை அடிக்க, சட்டி கழுவ ஒரு ஆண்பிள்ளைக்கும் கை இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தமது வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஜும்ஆ மேடைகளில் இந்தச் செய்தி எத்தனை தடவை கேட்டிருப்போம், கேட்டுவிட்டு வந்து பாய் விரித்துச் சோறு கேட்போம்.

ஜும்ஆ என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. கறுப்பு வெள்ளி அரபு நாடுகளுக்கும் போயிற்று. வெள்ளிக்கிழமையைக் கறுப்பு என்று சொல்ல அங்கே மனம் ஒப்பவில்லை. சூக் டொட் கொம் என்ற இணையக் கடை 2014இல் அதை ‘வெள்ளை வெள்ளி’ என்று பெயர் மாற்றி நடத்தியது. 2017இல் அந்தக் கடையை அமேசன் வாங்கிக்கொண்டது. நிறம் மாறியது, வேறெதுவும் மாறவில்லை. நமது உறவினர் பலர் தொழில் பார்க்கும் அந்த நாடுகளில் பொதி கட்டுகிறவனும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் பெரும்பாலும் நமது பக்கத்து ஆசியாக்காரன். வாசலில் நெரிசல் இல்லை என்பது உண்மை. நெரிசல் களஞ்சியத்துக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைக்குக் குர்ஆன் கொடுத்த ஒழுங்கு வேறு விதமானது. தொழுகைக்கு அழைக்கப்பட்டதும் வியாபாரத்தை விட்டுவிட வேண்டும். தொழுகை முடிந்ததும் கலைந்து போய் அல்லாஹ்வின் அருளைத் தேடிக்கொள்ளலாம். முழு நாளையும் மூடச் சொல்லவில்லை, வியாபாரத்தை இழிவாக்கவும் இல்லை. ஒரு சிறு இடைவெளியை மட்டும் யாரும் விற்கவும் வாங்கவும் முடியாததாக்கியது. அந்த இடைவெளியில் முதலாளியும் கூலிக்காரனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சந்தைக்குத் தேவைப்படுவது இந்த ‘நிறுத்து’ என்ற சொல்தான் என்று நான் நினைக்கிறேன். சந்தைக்குள்ளிருந்து அது தானாக வராது.

அமெரிக்காவிலும் இது விளங்காமலில்லை. 2010களின் தொடக்கத்தில் பெரிய கடைகள் வெள்ளி விடியலைத் தாண்டிப் பின்னுக்கு வந்து வியாழன் இரவிலேயே, விருந்துக் கோப்பைகள் கழுவி முடியுமுன்னரே, கதவைத் திறந்தன. 2011இல் ஒமாஹா நகரத்தில் ஒரு கடை ஊழியர் இதை எதிர்த்து ஒரு மனுவைத் தொடங்க, இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டார்கள். 2015இல் ஆர்.ஈ.ஐ. என்ற கூட்டுறவு நிறுவனம் கறுப்பு வெள்ளியன்று தனது கடைகளை மூடி, ஊழியர்களுக்குச் சம்பளமும் கொடுத்தது. 2020இல் கொரோனா வந்து பல கடைகளின் வியாழக் கதவைச் சாத்தியது. அடுத்த வருடம் டார்கெட் நிறுவனம் இனி அந்த நாளில் திறப்பதேயில்லை என்று அறிவித்தது. மனு செய்யாததை நோய் செய்தது என்று சொல்ல வேண்டும். மசசூசெட்ஸ், ரோட் ஐலன்ட், மேய்ன் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் இந்தப் போராட்டமே தேவைப்படவில்லை. நன்றி நாளில் பெரிய கடைகள் திறக்கக்கூடாது என்று அங்கே பழைய சட்டம் இருக்கிறது.

இனி நமது ஊருக்கு வருவோம். பிறை கண்ட செய்தி வந்த இரவில் நமது கடைத்தெருக்கள் சுபஹுவரை திறந்திருக்கின்றன. கடைப் பொடியன்கள், அவர்களில் பலர் நம்மிடம் படித்தவர்கள், புடவை மடித்து மடித்துக் கை சோர்ந்து பெருநாள் தொழுகைக்கு வந்து ஸஜ்தாவிலேயே உறங்கிப்போகிறார்கள். சிலர் வருவதேயில்லை. தையற்காரர் ஊருக்கெல்லாம் உடுப்புத் தைத்துவிட்டுத் தன் பிள்ளையின் உடுப்பைக் கடைசியாக இயந்திரத்தில் வைக்கிறார். கடைசி நாளில் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாம். தலைநோன்புக்கே அளவு கொடுத்திருக்கலாம்.

கடைக்காரரைக் குறை சொல்லியும் பலனில்லை. ஒருவர் பத்து மணிக்கு மூடினால் பக்கத்துக் கடைக்காரர் பதினொரு மணிவரை திறந்து வைத்து அவருடைய வாடிக்கையையும் எடுத்துக்கொள்வார். நல்லவன் நட்டப்படுகிற இடத்தில் நல்லவனாக இரு என்று தனித்தனியே உபதேசிப்பதில் அர்த்தமில்லை. மூடினால் எல்லோரும் ஒரே மணிக்கு மூட வேண்டும். மசசூசெட்ஸில் அதைச் சட்டம் செய்கிறது. நமது ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தகர் சங்கமும் ஒரு மேசையில் அமர்ந்தால் முடியும். நோன்பு பதினைந்துக்கு முன்னர் அமர வேண்டும். அதற்குப் பிறகு கூட்டம் போட வியாபாரிகளுக்கு நேரம் இருக்காது.